புகையென்று கழிக்கப்பட்ட புல்

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்தது நடந்தபடி எழுதுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அண்ணா. சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை. அம்மாவின் வலது உள்ளங்கையில் தையல் போட்டிருக்கிறார்கள், பேனா பிடிக்க முடியாது. அம்மா பேச்சில் சொல்வதை நான் பாடப்புத்தகத் தமிழில் எழுதுகிறேன். யாராவது பேசியதை அம்மா சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். நானாக ஏதாவது சொல்ல நேர்ந்தால் அடைப்புக்குறிக்குள் போடுவேன். மற்றபடி இனி "நான்" என்று வருவதெல்லாம் அம்மாதான், "தம்பி" என்பது நீ, "இவள்" என்பது உன் தங்கை.

தம்பி, சனிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்குத் தாய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, தங்கச்சியை மறக்காதே. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு கிழமையாக உன் மேல் இருக்கிற கோபம் காய்ந்த புல்லைப் போல என் வாய்க்குள் கிடக்கிறது. அதைத் துப்பாமல் உன்னை வழியனுப்ப என்னால் முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடிந்ததும் என்னோடு புல் அறுக்க வருவாய். நம் ஹந்தானை மலை உச்சிக்குப் போகிற பாதையில் பெரிய பாறை ஒன்று இருக்கிறதே, அதில் ஏறி நின்று கீழே பார்ப்பாய். வெயில் காலத்துக் காலையில் கண்டி நகரம் கண்ணுக்குத் தெரியாது. வாவி, மணிக்கூண்டு, பஸ் நிலையம் எல்லாம் ஒரு வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கும். மேலே நமக்கோ பளிச்சென்று வெளிச்சம். எதிர்மலையில் நடக்கிற ஆளின் சட்டை நிறம் கூடத் தெரியும். "அம்மா, ஊரக் காணோம்! இன்னக்கி பள்ளிக்கூடம் இருக்காது" என்று குதிப்பாய். நான் உன் காதைத் திருகி, "ஊரு அங்கனதான் இருக்கு, பொகைக்குள்ள. எறங்கிப் போனா தெரியும், நட" என்பேன். கண்டி ஒரு கிண்ணம் மாதிரி, சுற்றிலும் மலை, பஸ்ஸும் லொறியும் கக்குகிற புகை வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது என்று பிறகு நீயே படித்துவிட்டு வந்து சொன்னாய். எனக்கு அது உன் சட்டைக் கொலரிலேயே தெரிந்திருந்தது. கீழே பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையின் கழுத்து கறுத்திருக்கும். லீவு நாளில் இங்கேயே போட்டுத் திரிந்த சட்டையில் மண் இருக்கும், சாணி இருக்கும், அந்தக் கறுப்பு மட்டும் இருக்காது. இரண்டையும் ஒரே சவர்க்காரம் போட்டு ஒரே பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரில்தான் அலசுவேன். கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று. இதை யாரும் உனக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றிலிருந்து மற்றதற்குள் இறங்கிப் போய் ஏறி வந்தவன் நீ.

பிறகு கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கினாய். கண்டியிலேயே ஒரு அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்து, கீழே ஒரு அறை எடுத்துத் தங்கினாய். ஆகாயத்தில் சுற்றுகிற செய்மதி எடுத்த படத்தைப் பார்த்து எந்த மலையில் எவ்வளவு புல் விளைகிறது என்று கணக்குப் போடுகிற வேலை என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. "புல்லு இருக்கான்னு பாக்க ஆகாயத்துக்கா போகணும்? என்னயக் கேட்டா சொல்ல மாட்டனா?" என்றேன். "ஒங்களுக்கு இந்த ஒரு மல தெரியும்மா. மாத்தள வரைக்கும் யாரு நடந்து பாக்குறது?" என்றாய். நியாயமான பேச்சு, ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சோறு வடிக்கும்போது நீ உன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பானை ஆவியில் காட்டி, அதை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தாய்.

"இப்ப இதுல பாருங்க. தங்கச்சி மொகம் வெளுத்த மாதிரி தெரியுதா? அவ ஒன்னும் வெளுக்கல. நடுவுல ஆவி இருக்கு. செய்மதிக்கும் நமக்கும் நடுவுலயும் இப்படித்தான் பொகை, தூசி, ஈரம் எல்லாம் நிக்கிது. அது எவ்வளவுன்னு கண்டுபுடிச்சி கழிச்சாத்தான் புல்லோட நெசமான நெறம் தெரியும்."

"எப்புடிண்ணே கண்டுபுடிப்ப?" என்று இவள் கேட்டாள்.

"தெளிஞ்ச தண்ணிய மேல இருந்து பாத்தா கறுப்பாத் தெரியணும். அதுல வெளிச்சம் தெரிஞ்சா அது தண்ணியோடது இல்ல, காத்தோடது. அந்தளவ படம் முழுக்க கழிச்சிருவோம்."

பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து பாக்கியம் அக்கா சுவர் வழியாகச் சத்தம் போட்டாள்: "அப்ப எங்க வூட்டுக்காரரு மூஞ்சியிலயும் கொஞ்சம் கழிச்சிப் பாரு தம்பி, உள்ள நல்ல மனுசன் இருக்கானான்னு." நாம் எல்லோரும் சிரித்தோம். சோறு குழைந்துபோனது. அன்றைக்கு நான் உன்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கசக்கிறது. பீலிக்கரையில், பஸ்ஸில், கோயிலில், எங்கே போனாலும் "என் மகன் ஆகாயத்துல இருந்து புல்ல அளக்குறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் இல்லை. மலை முழுக்க மானாப்புல் வெளுத்து விறைத்து நின்றது. மாடுகள் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பால் குறைந்தது. பால் சங்கத்தில் எல்லோருமாகச் சேர்ந்து, கன்று போட்ட மாடுகளுக்காவது வறட்சித் தீவனம் தரச்சொல்லிக் கேட்டோம். தீவனம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து பார்க்க வந்த ஐயா நல்ல மனிதர். சிங்களவர், நம்மோடு தமிழிலேயே பேசினார். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நின்று கையிலிருந்த டெப்பின் திரையில் அந்தப் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். ஹந்தானை முழுவதும் வாழைக்குருத்து மாதிரிப் பச்சையாக இருந்தது.

"அம்மா, இங்க புல் நல்லா இருக்கு தானே. படம் அப்பிடித்தான் சொல்லுது" என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய சப்பாத்துக்குக் கீழே புல் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். "நான் பாக்குறது இந்த ஒரு இடம். படம் முழு மலையையும் பாக்குது. மத்தப் பக்கம் புல் இருக்கும். நான் என்ன செய்ய?" என்றார்.

"ஐயா, அந்த டெப்ப கொஞ்சம் கீழ வைங்க. மாடு மேஞ்சிக்கட்டும்" என்றாள் பாக்கியம் அக்கா. ஐயாவே சிரித்துவிட்டார். படம் பிழை, மறுபடி வந்து பாருங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுக்க அவள் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள். தடுத்தது யார் தெரியுமா? நான்தான். "அது என் மகன் போட்ட படங்க. அவன் கணக்கு தப்பாது. நம்ம போகாத பக்கம் எங்கயாச்சும் புல்லு இருக்கும்" என்றேன். உன் பேரைக் கேட்டதும் எல்லோரும் அடங்கிப் போனார்கள். உன்மேல் இருந்த மரியாதையால் அடங்கினார்கள், தம்பி. ஹந்தானைக்குத் தீவனம் வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டு அந்த ஐயா இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருந்தாய். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாய். கீழே வழக்கம்போல ஊரைக் காணவில்லை. நீ குடிக்கவில்லை, கோப்பை கையிலேயே ஆறியது. "ச்சே" என்றாய். இவள் உன்னிடம் போனாள்.

"என்னண்ணே?"

"வாவியில எடுத்தத மேலயும் போட்டுட்டேன்டி."

"எத?"

"பொகைய. படம் எடுத்த அன்னக்கி காலையிலயும் இப்படித்தான் இருந்திருக்கும். கறுப்பா இருக்க வேண்டிய தண்ணிக்கு நான் கண்டி வாவிய எடுத்தேன். அது கிண்ணத்துக்கு அடியில இருக்கு, அம்புட்டுப் பொகையும் அதுக்கு மேல. அந்தளவ ஹந்தானைக்கும் சேத்துக் கழிச்சிட்டேன். இங்க கழிக்கிறதுக்குப் பொகையே இல்ல."

"அப்ப இங்க எதக் கழிச்ச?"

கோப்பையை வாசற்படியில் வைத்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "பச்சப் புல்லு சிவப்பு வெளிச்சத்தத் தின்னுரும். காஞ்ச புல்லு அதத் திருப்பி அனுப்பிரும். இங்க காஞ்ச புல்லு அனுப்புனதத்தான் பொகைன்னு கழிச்சிருக்கேன். அதான் படத்துல எல்லாம் பச்சையா நிக்கிது."

"அப்ப திருத்திரு."

"அறிக்கை போயிருச்சி. ஆபீஸ் பெரியவரு கையெழுத்தும் வெச்சிட்டாரு. அந்த வேலையக் காட்டித்தான் எனக்கு வெளிநாட்டுல எடமே கெடச்சிச்சி. இப்பப் போயி தப்புன்னு சொன்னா என்ன நெனப்பாங்க? அங்க போயி எழுதுறேன். நீ அம்மாகிட்ட சொல்லாத."

(அண்ணா, நான் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில்தான் இருந்தார். நம் காம்பராவில் வாசலில் பேசினால் அடுப்படியில் கேட்கும் என்பதை நீ மறந்துவிட்டாய்.)

தப்புக் கணக்குப் போட்டதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. ஒரு படத்தைத் துடைத்துத் தெளிய வைப்பது எவ்வளவு பாடு என்று நீ சொல்லிக் கேட்டவள் நான். அன்று மத்தியானம் நீ சாப்பிட உட்கார்ந்தபோது, இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போஞ்சிப் பிரட்டல் நன்றாக இருக்கிறது என்றாய். பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்றாய். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, மாட்டுப்பட்டியைத் தாண்டித்தான் போனாய். நம் மாடு பொட்டு உன்னைப் பார்த்துக் கத்தினாள். நீ திரும்பவில்லை. அப்போது புரிந்தது எனக்கு. ஆகாயத்திலிருந்து மங்கலாகத் தெரிகிறது என்று கழிக்கிறவன், பக்கத்தில் வந்து பார்த்த பிறகும் நம்மைக் கழிக்கிறான்.

இரண்டு நாள் பொறுத்துவிட்டு நானே உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "தம்பி, படத்துல தப்பாமே" என்றேன். "யாரு சொன்னா?" என்றாய். மாடு எப்படி, பால் எவ்வளவு கறக்கிறது, தீவனம் வந்ததா, எதுவும் நீ கேட்கவில்லை. யார் சொன்னது என்பதுதான் உன் கவலை. "போனதுக்குப் பெறகு எழுதுறேம்மா. இப்பப் போட்டு நச்சரிக்காதீங்க, தலைக்கு மேல வேல கெடக்கு." மாதக் கடைசியோடு தீவனப் பட்டியலை மூடிவிடுகிறார்கள் என்று சொன்னேன். "எல்லாம் பாத்துக்கலாம்" என்றாய். மனிதருக்கு அப்படிச் சொல்லலாம், தம்பி. மாட்டுக்கு யார் சொல்வது?

கிட்டத்தில் புல் இல்லாததால் நான் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி அறுக்கத் தொடங்கினேன். அங்கே கொஞ்சம் ஈரமிருந்தது. வழுக்கி விழுந்தபோது அரிவாள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. இவள்தான் தன் பள்ளிக்கூட டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். (அம்மா இந்த இடத்தை வெட்டச் சொன்னார். "கையக் காட்டி அவன்கிட்ட பிச்ச கேக்குற மாதிரி இருக்கு" என்றார். நான் வெட்டவில்லை. நடந்தது நடந்தபடி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

ஒற்றைக் கையால் பால் கறக்க முடியாது, புல்லும் அறுக்க முடியாது. மடவளையிலிருந்து மாடு வாங்குகிற நிஸார் நானாவை வரச்சொன்னேன். அவர் பொட்டுவைச் சுற்றி வந்து பார்த்தார். மடியைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கன்டு போட்ட மாட்ட ஏன் தங்கச்சி குடுக்கிற?"

"புல்லு இல்ல நானா."

"புல்லு இல்லயா? ஒங்கட மகன் இந்த மலையெல்லாம் புல்லு ஈக்கிதென்டு படம் போட்டதாத்தானே கேள்வி." வேடிக்கையாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "சரி, சரி, சும்மா சொன்னன். பயப்புடாத. இத அறுப்புக்குக் குடுக்க மாட்டன். மாவனல்லப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஊடு ஒன்டு ஈக்கிது, பின்னால தண்ணி ஓடுற எடம். அங்க உடுறன்."

பொட்டுவின் தாய் கொடுத்த பாலில்தான் நீ படித்தாய் என்பதை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. லொறியில் ஏற்றும்போது கன்று முதலில் ஏறியது, அதைப் பார்த்துத்தான் அவள் ஏறினாள். நேற்று நடந்தது இது. உன் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டாயா?

இனி எனக்குத் தீவனம் வேண்டாம். பட்டி காலி. ஆனால் பாக்கியம் அக்காவிடம் சினை மாடு இருக்கிறது. மேல் லயத்தில், கீழ் லயத்தில், உன் பேரைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட அத்தனை பேரிடமும் மாடு இருக்கிறது. அவர்கள் வாயை மூடியது நான். அதனால் திறக்க வேண்டியதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். இந்தக் கடிதத்தை அங்கே எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறோம். பிறகு செயலாளர் இதை அந்த ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். உறையில் போட்டு ஒட்டாதது அதற்காகத்தான். (நான் வாசிக்க மாட்டேன் என்று அழுதேன், அண்ணா. "எழுதுனவதான் வாசிக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.)

நாளைக் காலை இவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் இதன் பிரதியை உன் அறையில் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் உனக்கு இருக்கிறது. உன் பெரியவருக்கு நீயே எழுது. எந்தத் தண்ணீரை எடுத்தேன், எந்த மலையில் போட்டேன், ஏன் பச்சையாகத் தெரிகிறது என்று மட்டும் எழுது. என்னிடமிருந்து மறைத்ததையெல்லாம் எழுத வேண்டாம், அது அலுவலகத்துக்குத் தேவையில்லை. நீ எழுதியது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிட்டால் கூட்டத்தில் அதை வாசிப்போம், இதைக் கிழித்து அடுப்பில் போடுவேன். வராவிட்டால் இதுதான் வாசிக்கப்படும். அதனால் உன் படிப்புக்கு ஏதாவது வந்தால், என் அம்மாதான் கெடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள். நான் மறுக்க மாட்டேன்.

நீ போகிற இடத்தில் காற்றைக் கழிக்கிற அந்தப் படிப்பையே இன்னும் பெரிதாகப் படிக்கப் போகிறாய் என்று இவள் சொல்கிறாள். படி. முதலில் நீ எந்த உயரத்தில் நிற்கிறாய் என்று பார்த்துக்கொள். கீழே நின்று எடுத்த அளவை மேலே இருக்கிறவர்கள் தலையில் போடாதே. தப்பு விட்டால் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்வதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும், அது உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. மாசிச் சம்பல் இரண்டு போத்தல் செய்து வைத்திருக்கிறேன். பெட்டியை எடுக்க வரும்போது கொண்டு போ. அது இந்தக் கோபத்தில் சேராது.

(அம்மா அவ்வளவுதான் சொன்னார். "படிச்சிக் காட்டவா?" என்று கேட்டேன். "வேணாம், கூட்டத்துல கேட்டுக்கிறேன்" என்றார். பிறகு, "கேக்காம இருந்தாலும் நல்லதுதான்" என்றார். இப்போது வாசலில் நிற்கிறார். இங்கிருந்து பார்த்தால் கீழே பால் நிலையம் தெரிகிறது. பின்னேரப் பால் அளக்கிற நேரம். வழக்கமாக வாளிகளோடு பாதை முழுக்க ஆட்கள் நிற்பார்கள். மற்ற மாடுகளுக்குப் பால் வற்றிப்போனதால் இன்று பாக்கியம் அக்கா மட்டும் ஒரு போத்தலோடு போனார். பால் அளக்கிறவர் அதை வாங்கி ஊற்றிவிட்டு, வேறு யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தார். நம் வீட்டுப் பக்கமும் பார்த்தார். அம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கி, இல்லை என்று அசைத்தார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பால் நிலையத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.)